திறப்பை (சாவியை) எடுத்த பின்னும் ஓடிய மின்னோட்டம்: மோட்டார் சைக்கிள் ஒன்றில் சார்ஜர் சொக்கற் பூட்டிய நிகழ்வின் ஆய்வு

கொக்குவிலில் இருக்கும் என் மருமகன், ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில், தன் மோட்டார் சைக்கிளைக் கிக்கரில் உதைத்து உதைத்து இயக்கிக்கொண்டு என் வீட்டுப் படலைக்கு வந்து சேர்ந்தான். பூட்டி மூன்று கிழமைகூட ஆகாத புதிய பற்றறி முற்றாக இறங்கியிருந்தது. செல்ஃப் பொத்தானை அழுத்தினால் இருக்கைக்குக் கீழிருந்து ‘டிக்’ என்ற ஒற்றைச் சத்தம் மட்டும் கேட்டது. ஹோர்ன் தொண்டை கட்டிய சேவலைப் போல முனகியது. அதற்கு முந்திய பற்றறியும் இதே அறிகுறிகளுடன்தான் மாற்றப்பட்டிருந்தது. இரண்டு பற்றறிகள் ஒரே மாதிரிச் சாகும்போது பற்றறியைக் குற்றம் சொல்ல அதிகம் இடமில்லை என்பதால், ஆவணி மாதத்தில் அந்த வண்டியின் ஹாண்டிலில் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்காகப் பூட்டப்பட்ட யூஎஸ்பி சொக்கற்றின் (செருகுவாயின்) மீதே என் கண் போனது.

மருமகன் குத்தகை நிறுவனமொன்றின் வெளிக்கள உத்தியோகத்தர். காலையில் பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு என்று தீவுப்பகுதியில் வீடு வீடாகச் சென்று தவணைப் பணம் பெற்று, அதைக் கைபேசியில் பதிந்து, இடுப்புப் பையில் இருக்கும் உள்ளங்கையளவு அச்சுப்பொறியில் பற்றுச்சீட்டு அடித்துக் கொடுப்பது அவனுடைய வேலை. கைபேசியும் அச்சுப்பொறியும் மதியத்துக்குள் இறங்கிவிட்டால் பிற்பகல் முழுவதும் வீண். 2022 இல் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் குறியீட்டைப் பெற்றோல் நிலையத்தில் காட்டுவதற்காக அணைந்த கைபேசியோடு வரிசையில் நின்ற எவரும் இந்தத் தேவையை ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்கள்.

நான் கராஜ் நடத்துபவன் அல்லன். பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவன். என்னிடம் இருந்தவை ஒரு மல்ரிமீற்றர், வயர் முனைகளை நசுக்கி இணைக்கும் ஒரு கிறிம்ப் குறடு, விறாந்தை, மழைக்கால விடுமுறை ஆகியவை மட்டுமே. ஆனாலும் இந்த நிகழ்வை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், அதில் நேர்ந்த தவறுகளுள் ஒன்றுகூட அரிதானது அல்ல என்பதுதான். யாழ்ப்பாணத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பின்னர் பூட்டப்பட்ட சொக்கற்றுகளை நின்று பார்த்தால் இவற்றுள் ஒன்றையாவது காணலாம்.

முதலாவது பூட்டு

வண்டி பதினொரு வருடம் பழையது, 125 சிசி இந்தியத் தயாரிப்பு, காபரேற்றர் உள்ளது, பற்றறி 12 வோல்ற்று, கொள்ளளவு 5 அம்பியர் மணி. முதலில் சொக்கற்றைப் பூட்டிக் கொடுத்த கராஜ் பாஸ் (மெக்கானிக்), ஹெட்லைற் கூட்டைக் கழற்றி, விளக்குக்குப் போகும் வயரின் மேலுறையைச் சுரண்டி, அதில் சொக்கற்றின் சிவப்பு வயரை முறுக்கி, மேலே கறுத்த ரேப்பைச் சுற்றியிருக்கிறார். “திறப்பைப் போட்டு வண்டியை ஸ்ராட் பண்ணினால்தான் கரண்ட் வரும், தம்பி. பற்றறி இறங்காது” என்று அவர் விளக்கமும் சொல்லியிருக்கிறார். நோக்கம் நல்லது. ஆனால் அந்தச் சொக்கற் இரண்டு நாள்தான் உயிரோடிருந்தது. கைபேசி சார்ஜ் ஏறுவதாகக் காட்டும், விடும், மீண்டும் காட்டும். மூன்றாம் நாள் காலையில் எரிந்த பிளாஸ்ரிக் மணத்தோடு எல்லாம் ஓய்ந்துவிட்டது.

காரணம் வண்டியின் வடிவமைப்பில் இருந்தது. பழைய சிறிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் ஹெட்லைற்றுக்குப் பற்றறியிலிருந்து மின் போவதில்லை. எஞ்சினின் பக்கவாட்டு மூடிக்குள் சுழலும் காந்தமும் அதனருகே உள்ள கம்பிச் சுருளும் பிறப்பிக்கும் ஆடலோட்டம் (ஏசி), றெகுலேற்றரால் மட்டுப்படுத்தப்பட்டு, நேரே விளக்குக்குச் செல்கிறது. பற்றறிக்குப் போகும் பங்கு மட்டுமே நேரோட்டமாக (டிசி) மாற்றப்படுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது வெளிச்சம் மங்கி, முறுக்கும்போது கூடுகின்ற வண்டிகளில் பெரும்பாலும் இந்த ஏற்பாடே இருக்கும். இழை விளக்குக்கு மின்னோட்டம் எந்தத் திசையில் ஓடினாலும் கவலையில்லை. 12 வோல்ற்று நேரோட்டத்தை 5 வோல்ற்றாகக் குறைக்கும் யூஎஸ்பி சுற்றோ, நேர் முனையும் எதிர் முனையும் இடம் மாறக்கூடாது என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் திசை மாறி வரும் மின்னோட்டத்தை அது தாங்காது. மீற்றரை அந்த வயரில் வைத்தபோது நேரோட்ட அளவீட்டில் இலக்கம் நிலைகொள்ளாமல் ஆடியது. ஆடலோட்ட அளவீட்டுக்கு மாற்றியவுடன் 12 ஐ அண்டி நின்றது. ஒரு நிமிடச் சோதனையை முதலில் செய்திருந்தால் ஒரு சொக்கற் மிஞ்சியிருக்கும்.

இதைச் சாய்கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் தகப்பனார், “டயோட் போடாமல் டைனமோவில றேடியோ கேட்டனாங்களோ?” என்று மட்டும் சொன்னார். 1990களின் முற்பாதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, 6 வோல்ற்று 3 வாற்று டைனமோவின் மின்னை டயோட்டுகளால் நேராக்கி, வீடு முழுவதும் செய்தி கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஆடலோட்டத்துக்கும் நேரோட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்தத் தலைமுறை பாடப்புத்தகத்தில் படித்ததைவிடக் கையால் சுற்றி அறிந்துகொண்டதே அதிகம்.

இரண்டாவது பூட்டு

முதலாவது எரிந்த பின்னர் மருமகன் வேறொரு கடையில் இன்னொரு சொக்கற்றை வாங்கினான். இரண்டு யூஎஸ்பி வாய்கள், நடுவில் பற்றறியின் வோல்ற்றளவை நீல இலக்கத்தில் காட்டும் சிறிய திரை, பார்ப்பதற்கு எடுப்பானது. இம்முறை சிவப்பு வயரைக் கொண்டுபோய்ப் பற்றறியின் நேர் முனையிலேயே நேராகக் கொடுத்திருக்கிறார்கள். கறுப்பு வயர் ஹாண்டிலைப் பிடித்திருக்கும் போல்ற்றின் கீழே நசுக்கப்பட்டிருந்தது. பியூஸ் இல்லை. சொக்கற் உடனே வேலை செய்தது; தொடர்ந்தும் வேலை செய்தது. வண்டி இரவில் நிற்கும்போதும் அந்த நீல இலக்கம் எரிந்துகொண்டிருந்தது. அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருந்ததாம்.

தினமும் அறுபது, எழுபது கிலோமீற்றர் ஓடும் வண்டி என்பதால், இரவில் இழந்ததைப் பகலில் பற்றறி மீட்டுக்கொண்டது. குற்றம் ஒளிந்திருந்தது அதனால்தான். இரண்டு நாள் காய்ச்சலில் வண்டி நின்றபோது செல்ஃப் சோர்ந்தது. “பற்றறி முடிஞ்சுது, புதுசு போடும்” என்ற தீர்ப்போடு புதியது பூட்டப்பட்டது. பின்னர் தீபாவளி விடுமுறையும் மழையும் சேர்ந்து ஐந்து நாள் வண்டி கொட்டிலில் நிற்க, புதியதும் போயிற்று.

மீற்றர் காட்டியவை

முதல் வேலையாகப் பற்றறியைக் கழற்றி, அரை அம்பியர் சார்ஜரில் இரவு முழுவதும் ஏற்றி, மறுநாள் சில மணிநேரம் ஆறவிட்டு அளந்தேன். 12.5 வோல்ற்று நின்றது. நல்ல ஈய அமிலப் பற்றறி முழுமையாக ஏறி ஆறிய பின்னர் 12.6 இலிருந்து 12.8 வரை நிற்கவேண்டும், 12.2 அளவில் பாதி இறங்கியதாகக் கொள்ளலாம். ஆகவே இது தப்பிவிட்டது என்றாலும் காயப்பட்டிருந்தது. முழுமையாக இறங்கிய நிலையில் விடப்படும் ஈய அமிலப் பற்றறியின் தகடுகளில் ஈயச் சல்பேற்று கடினமான பளிங்குகளாகப் படிந்துவிடும். பின்னர் எவ்வளவு ஏற்றினாலும் இழந்த கொள்ளளவு முழுதாகத் திரும்பாது.

அடுத்து, திறப்பை எடுத்துவிட்டு, பற்றறியின் எதிர் முனை வயரைக் கழற்றி, அந்த முனைக்கும் வயருக்கும் இடையே மீற்றரைத் தொடராக இணைத்தேன். இந்தச் சோதனையைச் செய்பவர்கள் 10 அம்பியர் துளையில் தொடங்கி, மின்னோட்டம் சிறியது என்று கண்ட பின்னரே மில்லியம்பியர் துளைக்கு மாறவேண்டும். மீற்றர் இணைப்பில் இருக்கும்போது மறந்தும் திறப்பைப் போட்டு செல்ஃபை அழுத்தக்கூடாது, அழுத்தினால் மீற்றரின் உட்பியூஸ் போய்விடும். இலக்கம் 41 மில்லியம்பியரில் நின்றது. சொக்கற்றின் சிவப்பு வயரைக் கழற்றியவுடன் அது சுழியத்துக்கு விழுந்தது. பழைய காபரேற்றர் வண்டியில் கணினிப் பெட்டியோ கடிகாரமோ இல்லாதபடியால், திறப்பை எடுத்த பின்னர் ஓடிய மின்னோட்டம் முழுவதும் அந்தச் சொக்கற்றுக்கே சொந்தம்.

41 மில்லியம்பியர் என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். அதை இருபத்துநான்கு மணியால் பெருக்கினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு அம்பியர் மணி. பற்றறியில் இருப்பது ஐந்து. ஐந்து நாள் விடுமுறைக்கும் வெறும் பற்றறிக்கும் இடையில் இருந்த மர்மம் ஒரு பெருக்கலில் தீர்ந்துவிட்டது. என் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இதைவிட நல்ல கணக்கு எந்த வினாத்தாளிலும் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

சொக்கற்றைக் கழற்றிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. யூஎஸ்பி வாயின் நான்கு தகடுகளுள் நேர் வோல்ற்றளவு நிற்கும் தகடு மட்டும் பச்சை பூத்து, பாதி கரைந்து, ஊசியின் முனையளவாக ஒடுங்கியிருந்தது. மற்ற மூன்றும் ஓரளவு சுத்தமாகவே இருந்தன. பண்ணைப் பாலத்திலும் புங்குடுதீவுப் பாலத்திலும் காற்று உப்பைத் தூக்கி வீசுகிறது. அந்த உப்பு ஈரத்தோடு சேர்ந்து தகடுகளுக்கிடையே ஒரு மெல்லிய படலமாகப் படியும்போது, 5 வோல்ற்று எப்போதும் நிற்கின்ற தகடு மின்பகுப்பில் அனோட்டாக (நேர் மின்வாயாக) மாறிக் கரைகிறது. மின் இல்லாத நேரத்தில் உப்பு மெதுவாகவே அரிக்கும்; மின் நிற்கும்போது அந்த வேலை பலமடங்கு வேகமாக நடக்கும். ஆகவே திறப்போடு அணையும் ஏற்பாடு பற்றறியை மட்டும் காப்பதில்லை. கடலோரத்தில் ஓடும் வண்டிக்குச் சொக்கற்றையும் காக்கிறது.

ஆனால் எனக்கு உண்மையில் வியர்த்தது, பெற்றோல் தாங்கியைக் கழற்றியபோதுதான். சிவப்பு வயர் தாங்கிக்குக் கீழாக, ஹாண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியைச் சுற்றி இழுத்து விடப்பட்டிருந்தது. ஹாண்டிலை இடப்பக்கம் முழுதாகத் திருப்பினால் வயர் கம்பிபோல விறைத்து, தாங்கியைப் பிடிக்கும் இரும்புத் துண்டின் விளிம்பில் உராய்ந்தது. அந்த இடத்தில் மேலுறை போய், ஒரு நெல்லின் நீளத்துக்குச் செம்பு வெளியே தெரிந்தது. இழைகளுள் இரண்டு மூன்று அறுந்தும் இருந்தன. அந்தச் செம்பு சட்டத்தின் இரும்பில் ஒருமுறை அழுத்தியிருந்தால், பியூஸ் இல்லாத அந்தச் சுற்றில் நூறு அம்பியரை எட்டக்கூடிய மின்னோட்டம் ஓடி, வயர் முழு நீளத்துக்கும் சிவந்து எரிந்திருக்கும். அதற்கு நான்கு விரல் மேலே பெற்றோல். மருமகனைக் கூப்பிட்டு விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

திரும்பும் வழி

சொக்கற் பூட்டுபவர்கள் சிவப்பு வயருக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூடக் கறுப்பு வயருக்குக் கொடுப்பதில்லை. வண்டியின் இரும்பு முழுவதும் எர்த்தானே (மின் பற்றறிக்குத் திரும்பும் வழிதானே), எங்கே கொடுத்தால் என்ன என்பது பரவலான எண்ணம். ஹாண்டிலில் கொடுக்கப்பட்ட எர்த் எந்த வழியாகப் பற்றறிக்குத் திரும்புகிறது என்று யோசித்துப் பாருங்கள்: வர்ணம் பூசிய போல்ற், பின்னர் ஹாண்டிலின் பிடி, பின்னர் கழுத்துக்குள் கிறீஸ் அப்பிய பேரிங் குண்டுகள், அதன் பிறகே சட்டம். அந்தக் குண்டுகள் பாரத்தைத் தாங்கி உருள்வதற்காக இருப்பவை. மின் கடத்துவது அவற்றின் தொழில் அல்ல.

இதை அளப்பது எளிது. கைபேசியை இணைத்து ஏறத்தாழ ஒரு அம்பியர் ஓடவிட்டு, ஹாண்டில் போல்ற்றுக்கும் பற்றறியின் எதிர் முனைக்கும் இடையே வோல்ற்றளவை அளந்தேன். நல்ல எர்த்தில் அது சுழியத்தை ஒட்டி இருக்கவேண்டும். இங்கே 0.6 வோல்ற்று காட்டியது; ஹாண்டிலை மெதுவாகத் திருப்பியபோது 0.3 இலிருந்து 0.9 வரை துள்ளியது. ஒழுங்கையின் ஒவ்வொரு வளைவிலும் கைபேசி சார்ஜ் ஏறுவதை நிறுத்தி நிறுத்தித் தொடங்கியதற்கு விளக்கம் இப்படி விட்டு விட்டுப் பிடிக்கும் தொடுகைதான். மருமகன் அதுவரை கேபிளைச் சந்தேகித்து மூன்று கேபிள்கள் வாங்கியிருந்தான்.

திருத்திய அமைப்பு

புதிதாக ஒன்றைப் பூட்டுவதற்கு முன்னர் வண்டி எவ்வளவு கொடுக்கும், ஆளுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைப் பார்க்கவேண்டும். கைபேசிக்கு 5 வோல்ற்றில் 2 அம்பியர், அதாவது 10 வாற்று. அச்சுப்பொறிக்கு 5 வாற்று. மாற்றும் சுற்றில் வெப்பமாக இழக்கப்படுவதையும் சேர்த்தால் பற்றறிப் பக்கத்தில் சுமார் 18 வாற்று, ஏறத்தாழ 1.4 அம்பியர். பற்றறியின் முனைகளில் மீற்றரை வைத்து எஞ்சினை இயக்கியபோது, மெதுவான ஓட்டத்தில் 12.9 வோல்ற்றும், முறுக்கியபோது 14.1 வோல்ற்றும் வந்தன. 1.4 அம்பியர் சுமையைக் கொடுத்தபோது அவை முறையே 12.6 ஆகவும் 13.8 ஆகவும் குறைந்தன. ஓடும் வண்டியில் இந்தச் சுமையைத் தாங்கலாம். பஸ் நிலையத்துக்கு முன்னால் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக்கொண்டு நின்று சார்ஜ் செய்தால், பற்றறி கொடுப்பது பெறுவதைவிடக் கூடும். இந்த அளவீட்டைச் செய்யாமல் எந்த வண்டியிலும் எதையும் கூட்டிப் பூட்டுவது, வருமானம் தெரியாமல் தவணைக்கு வாங்குவதைப் போன்றது என்று மருமகனுக்கு அவனுடைய தொழில் மொழியிலேயே சொன்னேன்.

அவனுக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. கார்களில் இருப்பது போன்ற வட்ட 12 வோல்ற்றுச் சொக்கற் ஒன்றும் ஹாண்டிலில் வேண்டும், அதில் ரயருக்குக் காற்றடிக்கும் சிறிய பம்பைக் கொளுவலாம் என்றான். இதற்கு நான் உடன்படவில்லை. அந்த வட்டச் சொக்கற் முதலில் சிகரெட் கொளுத்தும் சுருளுக்காகச் செய்யப்பட்டது. உள்ளே இருக்கும் வில் செருகியை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். காரில் அது பொறுக்கத்தக்கது. மோட்டார் சைக்கிளின் அதிர்வில் தொடுகை விட்டு விட்டுப் பொறி பறக்கும். ஐரோப்பாவில் பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிள்கள் அதைவிட ஒடுங்கிய, இறுகப் பிடிக்கும் வேறொரு வகைச் சொக்கற்றைப் பயன்படுத்துவது இதனால்தான். மேலும் காற்றடிக்கும் பம்ப் 10 அம்பியர் அளவில் இழுக்கும். அந்த மின்னோட்டத்தை ஹாண்டில் வரை கொண்டுபோகத் தடித்த வயர் வேண்டும். ஆகவே பம்புக்கென்று பற்றறியிலிருந்து தனியாக, 15 அம்பியர் பியூஸுடன், ஒரு தடித்த குட்டை வயரை இருக்கைக்குக் கீழேயே மூடியுள்ள இரட்டை முனைச் செருகியுடன் விட்டேன். எஞ்சின் ஓடும்போது ஐந்து நிமிடத்துக்கு மேல் பம்பை இயக்குவதில்லை என்பது எங்களுக்கிடையிலான உடன்பாடு.

யூஎஸ்பி சொக்கற்றுக்கான சுற்று பின்வருமாறு அமைந்தது. பற்றறியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 அம்பியர் பியூஸ். பியூஸுக்கும் பற்றறிக்கும் இடையிலான வயரை எந்தப் பியூஸும் காப்பதில்லை என்பதால் அந்தத் துண்டு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது. பியூஸிலிருந்து நான்கு முனை றிலேயின் (சிறிய மின்னோட்டத்தால் பெரியதைத் திறந்து மூடும் மின்காந்தச் சுவிச்சின்) 30 ஆம் முனைக்கு. 87 ஆம் முனையிலிருந்து ஒரு சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் ஹாண்டிலுக்கு. றிலேயின் சுருளுக்குரிய 86 ஆம் முனைக்கு, திறப்பைப் போட்டால் மட்டும் மின் வரும் நேரோட்ட வயரிலிருந்து ஒரு கிளை. இந்த வண்டியில் பிறேக் லைற் சுவிச்சுக்குப் போகும் வயர் அதற்குப் பொருத்தமாக இருந்தது. அதை நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. பதினொரு வருடத்தில் எத்தனை கைகள் எந்த நிறத்தை எங்கே ஒட்டியிருக்கின்றன என்பது வண்டிக்கே வெளிச்சம். திறப்பைப் போட்டும் எடுத்தும், எஞ்சினை இயக்கியும் நிறுத்தியும் மீற்றரால் உறுதிசெய்த பின்னரே வெட்டினேன். 85 ஆம் முனையும் சொக்கற்றின் கறுப்பு வயரும் பற்றறியின் எதிர் முனைக்கே நேராக வந்தன.

1.4 அம்பியருக்கு றிலே எதற்கு என்று மின்வேலை தெரிந்த நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. புதிய வண்டியாக இருந்தால் திறப்பு சுவிச்சுக்குப் பின்னால் உள்ள வயரிலிருந்தே ஒரு சிறிய பியூஸ் வழியாக எடுத்திருப்பேன். இங்கே சுவிச் தேய்ந்திருந்தது. ஹோர்னும் சிக்னலும் அதனூடாகவே ஓடுகின்றன. புதிய சுமையை அந்த வயதாளியின் முதுகில் ஏற்ற மனம் வரவில்லை. றிலேயின் சுருள் இழுப்பது 0.13 அம்பியர் மட்டுமே. சொக்கற்றில் எந்தக் கோளாறு வந்தாலும் ஹோர்னும் பிறேக் லைற்றும் பாதிக்கப்படா என்பதும் எனக்குப் பெரிதாகப் பட்டது.

வயர் இணைப்புகளில் பற்றாசு பிடிக்கவில்லை. ஈயம் இழைகளுக்குள் ஊறி விறைத்த இடத்தின் ஓரத்தில், எஞ்சினின் அதிர்வு நாளடைவில் வயரை முறித்துவிடும். வயர் நுனிகளில் லக்குகளை (உலோக முனைத் துண்டுகளை) கிறிம்ப் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவைப் போட்டேன். கறுத்த ரேப்பை நம்புவோர் பங்குனி, சித்திரை வெயிலில் ஒருமுறை அதைத் தொட்டுப் பார்க்கவேண்டும். பசை உருகி, ரேப் வழுகி, உள்ளிருக்கும் முறுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். கழுத்துப் பகுதியில் ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, எந்த நிலையிலும் வயர் விறைக்காதபடி ஒரு வளைவு தளர்வு விட்டு, மேலே நெளிகுழாய் போட்டேன். சொக்கற்றின் வாய் சற்றுக் கீழ்நோக்கிப் பார்க்கிறது. வயர் சொக்கற்றுக்குள் நுழைவதற்கு முன்னர் ஒருமுறை தொங்கி எழும்புகிறது, வழிந்து வரும் மழைநீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். தகடுகளில் சிலிக்கன் கிறீஸ் மெல்லியதாகத் தடவப்பட்டது.

எர்த் மாற்றிய பின்னர் அதே ஒரு அம்பியருடன் அளந்தபோது 0.6 வோல்ற்று இருந்த இடத்தில் 0.04 இருந்தது, ஹாண்டிலைத் திருப்பினாலும் அசையவில்லை. திறப்பை எடுத்த பின்னர் பற்றறியிலிருந்து ஓடிய மின்னோட்டம் சுழியம். நீல இலக்கத் திரையை நான் எடுக்கவில்லை. திறப்போடு அணையும் நிலையில் அது பயனுள்ள கருவி, சார்ஜிங் குறைந்தால் ஓட்டுபவருக்கு முதலில் தெரிவது அதில்தான். முழுவதற்கும் செலவான காசு, தேவையில்லாமல் வாங்கிய அந்தப் பற்றறியின் விலையில் பாதியைத் தொடவில்லை.

கைபேசியை ஹாண்டிலில் பூட்டுவது பற்றி ஒரு சொல். 2021 இல் அப்பிள் நிறுவனமே, உயர் வலு மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஹாண்டில் வழியாக வந்து ஐபோன்களின் கமராவைப் பழுதாக்கக்கூடும் என்று எச்சரித்திருந்தது. எங்கள் 125 சிசி அவ்வளவு அதிராது என்றாலும், கொளுத்தும் வெயிலில் ஹாண்டிலில் இருந்தபடி சார்ஜ் ஏறும் கைபேசி சூடேறித் தானாகவே சார்ஜை நிறுத்திவிடுகிறது. கேபிளை நீட்டி, தாங்கியின் மேலுள்ள பைக்குள் கைபேசியை வைப்பதே மேல் என்பது என் கருத்து. மருமகன் இதை ஏற்கவில்லை. வரைபடம் கண்ணுக்கு முன்னால் இருக்கவேண்டுமாம்.

மாரி கடந்து

கார்த்திகை, மார்கழி மழை முழுவதும் வண்டி தீவுப்பகுதிக்குப் போய்வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வெளிக்கிடுவதற்கு முன்னர் பற்றறியை அளந்து குறித்துவைக்கும்படி சொல்லியிருந்தேன், 12.5 க்குக் கீழே ஒருநாளும் போகவில்லை. நத்தார் விடுமுறையில் ஆறு நாள் நின்றபோதும் செல்ஃப் முதல் அழுத்தத்திலேயே பிடித்தது. சொக்கற்றின் றப்பர் மூடி மட்டும் கிழிந்து, ஒருமுறை மாற்றவேண்டி வந்தது.

தை மாதத்தில் ஒருநாள் பிற்பகல் அழைப்பு வந்தது. “மாமா, சார்ஜர் நிண்டிட்டுது. ஆனால் ஹோர்ன், சிக்னல் எல்லாம் வேலை செய்யுது.” வேலணையில் நிற்பதாகச் சொன்னான். ஓடி வரும்படி சொன்னேன். எந்தத் தடையுமின்றி ஓடி வந்தான். பியூஸ் போயிருந்தது. காரணத்தைத் தேடப் பத்து நிமிடமும் ஆகவில்லை: கைபேசிப் பிடியைத் தன் வசதிக்கு வலப்பக்கம் நகர்த்தியவன், அதன் இரும்புக் கிளாம்பை வயரின் மேலேயே வைத்து இறுக்கியிருக்கிறான். மேலுறையில் கிளாம்பின் பல் பதிந்த தடம் இரண்டு தெளிவாகத் தெரிந்தது. கடிபட்ட துண்டை வெட்டி எடுத்து, புதிய கிறிம்பும் ஸ்லீவும் போட்டு, பிடியை இரண்டு விரலளவு இடப்பக்கம் தள்ளிப் பூட்டி, 5 அம்பியர் பியூஸ் ஒன்றைச் செருகினேன். இன்னும் இரண்டு பியூஸ்கள் பொலித்தீனில் சுற்றி இருக்கைக்குக் கீழே இருக்கின்றன.